நகரியிலிருந்து குவைத்துக்கு ஒரு சத்தம்

தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் வாசலில் நின்று, கையடக்க ரெக்கார்டரில் தறிச் சத்தத்தைப் பதிவு செய்கிறேன். போகும் ஊரின் ஓசைகளைச் சேர்ப்பது என் வழக்கம். தறி ஓட்டும் பெண் வெளியே வருகிறாள்.

"இத்த போனுக்கு அனுப்ப முடியுமாண்ணா? எங்க வீட்டுக்காரரு குவைத்துல டிரைவரா கீறாரு. தறி சத்தம் இல்லாம தூக்கமே வரலன்றாரு. போன்ல பேசிக்கினே தறிகிட்ட போனாலும் என் குரல் மட்டுந்தான் கேக்குதாம்."

கைபேசி இரைச்சலை வடிகட்டிவிடும், இது அப்படிச் செய்யாது என்கிறேன். உள்ளே ஓடும் மூன்று தறிகளையும் பதிவு செய்து, ஹெட்போனைத் தருகிறேன். கண்ணை மூடிக் கேட்கிறாள்.

"இதுல அவரு தறி இல்லண்ணா."

மூலையில் நான்காவது தறி ஓட்ட ஆளில்லாமல், ஏற்றிய பாவு நூலோடு நிற்கிறது. முந்தானையால் அதன் தூசியைத் துடைத்துவிட்டு ஸ்விட்சைப் போடுகிறாள். மற்ற மூன்றையும் விடக் கனத்த சத்தம் எழுகிறது.

"இப்ப எடுங்க."

நீங்களும் ஏதாவது பேசுங்கள் என்று மைக்கை நீட்டுகிறேன். வேண்டாம் என்று தலையசைத்து, அதிரும் அந்தத் தறியின் மேல் கையை வைத்தபடி நிற்கிறாள்.