மணி கேட்ட புரோகிராம்

சும்மா உட்காரத் தெரியாத பிறவி நான். எழுபதுகளின் கடைசியில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் ஒரு சரக்குக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வாரம் எனக்கு இருப்பே கொள்ளவில்லை.

காரணம், எங்கள் ஆபரேட்டர் பெண். புன்னைக்காயல்காரி. அப்பா கடலுக்குப் போக முடியாமல் படுத்துவிட்டதால், வீடே அவள் வேலையை நம்பி இருந்தது. எந்த வியாபாரியின் உப்பு முதலில் தோணி ஏறும் என்கிற முறையைக் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தோம். யாரோ அதை மாற்றி, கடைசியில் நின்றவரை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். மாற்றுவதற்கு சூப்பர்வைசர் உரிமை வேண்டும். அதற்கான ரகசியச் சொல் அவளிடம் மட்டுமே இருந்தது.

“வேலியே பயிர மேஞ்சிட்டு. திங்கக்கெழம அவள அனுப்பிருவேன்” என்றார் மேனேஜர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. ஆனால் என் பேச்சு அம்பலம் ஏறுமா? இயந்திரத்தோடு வந்த தடிப் புத்தகங்களைப் புரட்டினேன், எழுந்து நடந்தேன், மறுபடி புரட்டினேன். சனிக்கிழமை மத்தியானம் ஓட்டை அகப்பட்டது.

இயந்திரத்தின் நடுவில் எல்லா உரிமையும் உள்ள தலைமைப் புரோகிராம் ஒன்று உண்டு. மற்ற புரோகிராம்கள் அதைக் கேட்டுத்தான் எதையும் பெற வேண்டும். மணி என்ன என்று கேட்டால் சொல்லும். விடையை எங்கே எழுதுவது என்று நாம் இடம் காட்ட வேண்டும். அந்த இடம் நமக்குச் சொந்தமா என்று மட்டும் அது பார்ப்பதில்லை. நம் பதவியைக் குறித்து வைத்திருக்கும் இடத்தையே காட்டினால்? அங்கே சைபர் இருந்தால் சாதாரண ஆள், வேறு எந்த எண் விழுந்தாலும், அது வெறும் மணியே ஆனாலும், சூப்பர்வைசர்.

மேனேஜருக்குப் புரியவில்லை.

“போன வாரம் ஒங்க ஜீப்புல நான் குடுத்துவிட்ட கருவாட்டுக் கட்ட, துறைமுக வாசல்ல எவனாவது பிரிச்சுப் பாத்தானா சார்? மேனேஜர் ஜீப்புன்னு விட்டுட்டான்லா. அதே மாதிரிதான்.”

அவர் முகம் சுருங்கியது. நான் விடவில்லை. அவர் கண்ணெதிரே, என் சாதாரணப் பெயரில் நுழைந்து, மணி கேட்டேன். சூப்பர்வைசர் ஆனேன். தோணி முறையை மாற்றிக் காட்டினேன், திரும்பவும் சரி செய்தேன்.

“அவகிட்ட ரகசியச் சொல் இருக்குங்கதுக்காக அவதான் செஞ்சான்னு சொல்ல முடியாது, அப்படித்தானல?”

“ஆமா சார்.”

“இங்க இந்த வித்த தெரிஞ்சவன் வேற யாரு?”

“யாருமில்ல சார்” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

அவள் வேலை பிழைத்தது. திங்கட்கிழமை அவளுக்கு வந்த முதல் உத்தரவு, கம்ப்யூட்டரிலிருந்து என் பெயரை நீக்குவது. நீக்கிவிட்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணே, கோவிச்சுக்கிடாதீய. எனக்கு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கி மாத்துனது நீங்கதானா?”

“இல்லம்மா.”

“சரிண்ணே.”

அதன் பிறகு, தாளில் எழுதிய புரோகிராமைக் கொடுக்க நான் கம்ப்யூட்டர் அறைக்குள் போகும்போதெல்லாம், இயந்திரம் அடித்துத் தள்ளும் தாளை அவள் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள்.