நடைமேடையில் ஒரு கிறித்துமசுப் பாட்டு

பிழை என்னுடையது, ஆதலின் அதனை நானே எழுதிவைத்தல் முறை எனக் கருதுகின்றேன்.

போர்க்காலத்தில் விழுப்புரம் புகைவண்டி நிலையத்தில் துணை அதிகாரியாய் இருந்தேன். கிறித்துமசு நாட்காலை, சுமைதூக்கும் அந்தோணி தம் மனைவியோடும் முகையூர் உறவினரோடும் கஞ்சிரா ஏந்தி வந்தார். பட்டாளத்தில் சேர்ந்த அவர் மகன் அன்றைய வண்டியில் போர்முனைக்குச் செல்கின்றான். வண்டி நிற்கும் பத்து நிமிடத்தில் அவனுக்காகப் பாடவேண்டுமாம்.

"பொது இடத்தில் வழிபாடு கூடாது" என்றேன்.

"ஆயுத பூசைக்கு இங்கதானே மேளம் வெச்சீங்க? தராசுக்குச் சந்தனம் பூசனதே நான்தானுங்களே!"

"அது வழக்கம்."

"நாங்களும் இன்னிக்கு ஆரம்பிச்சுக்கினா, அடுத்த வருசம் வழக்கமாயிடுங்க" என்று சிரித்தார். நான் இசையவில்லை.

வண்டி வந்தது. மகன் சன்னலில் தலைநீட்டி, "இன்னாம்மா, பாட்டு இல்லியா?" என்றான்.

அவ்வம்மையார் ஒருகணம் என்னை நோக்கினார். பின்பு, "தொண்ட கட்டிக்கினு கீதுடா கண்ணு" என்றார்.

மகன்முன் என்னைக் குறைகூற மனமின்றி அவர் சொன்ன அப்பொய் என்னை நாணச் செய்தது. "பாடுங்கள், அம்மா" என்றேன்.

கஞ்சிரா முழங்கிற்று. மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுதும் தாளம் போட்டது. புறப்படும் நேரம் கடந்தும் பச்சைக் கொடியை மடித்தே வைத்திருந்தேன். தாமதத்திற்குக் காரணம் 'எஞ்சினுக்கு நீர் பிடித்தல்' எனப் பதிவேட்டில் எழுதினேன்.

மறு ஆண்டு திண்டிவனத்திற்கு மாற்றலாகிச் சென்றேன். மார்கழி பிறந்ததும், "இங்குக் கிறித்துமசுக்குப் பாடுவோர் உளரோ?" என்று நானே சுமைதூக்குவோரிடம் கேட்டு நின்றேன்.

அன்று அவ்வண்டியில் இருந்தோர் எவரேனும் இதில் பிழை காணின், அன்புகூர்ந்து திருத்துக.