ஓட்ஸுக்கு ஏது மடி?

நான் கல்யாணமாகி வந்த வீடு பல்லடத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. பின்னால் ஒரு கொட்டகை. அதில் இரண்டு பசுக்கள், ஒன்று செவலை, ஒன்று கருப்பு. விடிவதற்கு முன்பே போசிப் பாத்திரத்துக்குள் சர்சர்ரென்று பால் விழும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். கறப்பது என் மாமியார். அத்தை என்று நான் கூப்பிடும் அவர், வேறு யாரையும் மடியில் கை வைக்க விடமாட்டார். வீட்டுக்குப் போக மிஞ்சியதைத்தான் பால் சொசைட்டிக்கு ஊற்றுவார்.

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சிறுவயதில் ஒத்துக்கொண்டதுதான். படிப்பு முடிந்து திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்த பிறகு, எப்போது என்று தெரியாமல் அது நின்றுபோனது. ஒரு டம்ளர் காபி குடித்தால் போதும், வயிறு உப்பும், பிறகு முறுக்கும். தயிர், மோர் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. நிச்சயம் ஆனதுமே இதை மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன, அம்மாகிட்ட மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றார் என் கணவர். அவர் மெதுவாகவே இருந்துவிட்டார்.

கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தார்கள். சுற்றிலும் உறவுக்காரர்கள். அத்தை காய்ச்சிச் சுண்ட வைத்த பால், மேலே ஏடு மிதந்தது. மூன்று கரண்டி விழுங்கினேன். அன்று சாயங்காலம் பட்டுச்சேலையோடு குளியலறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ "பொண்ணுக்குக் கூச்சமாட்ட இருக்குது" என்று சிரித்தார்கள்.

அந்த வாரமே அத்தையிடம் நானே சொன்னேன். காபி டம்ளரை நீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே நின்றார்.

"பாலு ஒத்துக்காதா? அதெப்படி கண்ணு ஒத்துக்காமப் போகும்? இது கலப்படமில்லாத பாலாச்சே."

"கலப்படமெல்லாம் இல்லீங்க அத்தை. எனக்குத்தானுங்க செரிக்காது."

அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. சரிசெய்யக்கூடிய ஒன்று என்று நினைத்தார். தண்ணீர் கலந்து கொடுத்தார். சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தார். மஞ்சளும் மிளகும் சேர்த்துக் கொடுத்தார். எங்கிருந்தோ ஆட்டுப்பால் வாங்கி வந்தார். ஒவ்வொரு முறையும் நான் குடித்து முடித்த பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் பல்லடத்தில் டாக்டரிடம் அவரே கூட்டிப்போனார். பாலில் இருக்கும் ஒரு சர்க்கரையைச் செரிக்கும் சக்தி சிலருக்குக் குறைந்துவிடும், பாலைத் தவிர்த்தால் போதும் என்று டாக்டர் சொன்னார்.

"ஏனுங்க டாக்டர், ஒரு ஊசி போட்டாச் சரியாயிருமுங்களா?" என்றார் அத்தை.

"இது நோயே இல்லீங்கம்மா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தையைப் பார்த்தேன். நோயாக இருந்திருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு அவர் எனக்காக எதையும் காய்ச்சவில்லை. காலையில் எல்லோருக்கும் காபி வரும். எனக்கு நானே கருப்பட்டி போட்டுப் பாலில்லாத வரக்காபி வைத்துக்கொள்வேன். சண்டை எதுவும் இல்லை. சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்று கேட்பார். ஆனால் ஏதோ ஒன்று எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு விசேஷத்தில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "உன்ற மருமவ டவுன் புள்ள, நம்மூட்டுப் பாலெல்லாம் எறங்குமா?" என்று கேட்டபோது அத்தை பதில் சொல்லவில்லை. எனக்காகப் பேசவில்லையே என்று எனக்கும் வருத்தம்.

மாட்சாவை நான் முதலில் குடித்தது திருப்பூரில். ஒரு ஆர்டர் நல்லபடியாகக் கப்பலேறிய மகிழ்ச்சியில், கூட வேலை செய்யும் பெண் என்னைப் புதிதாகத் திறந்த ஒரு காபிக் கடைக்கு இழுத்துப்போனாள். ஜப்பான்காரர்கள் பச்சைத் தேயிலையை மாவாக அரைத்துக் குடிப்பதுதான் மாட்சா என்றாள். எனக்காக ஓட்ஸ் பாலில் போடச் சொன்னாள். கண்ணாடி டம்ளரில் கீழே வெள்ளை, மேலே பச்சை, நடுவில் ஐஸ் கட்டிகள். முதல் மிடறு கசந்தது. பிறகு அந்தக் கசப்புக்குப் பின்னால் ஒரு இதமான ருசி வந்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று, வயிறு ஒன்றும் சொல்லவில்லை. பால் போல வெண்மையாக, குளிர்ச்சியாக, கெட்டியாக ஒன்றைப் பயமில்லாமல் குடித்து எத்தனை காலம் ஆயிற்று! சின்ன விஷயம்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட வந்தவள் கசப்பினால் என்று நினைத்துக்கொண்டாள்.

மாட்சாத் தூள் ஒரு சிறிய டப்பாவும், ஓட்ஸ் பால் பெட்டி ஒன்றும் ஆன்லைனில் வரவழைத்தேன். அத்தை பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலுன்னு போட்டிருக்குது. எதுல கறந்தாங்க?"

"ஓட்ஸுலீங்க அத்தை."

"ஓட்ஸுக்கு ஏது மடி?"

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. பெட்டியை மேடைமேல் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

வீட்டில் போடுவது அவ்வளவு எளிதாக இல்லை. தூளைத் தண்ணீரில் கொட்டினால் கட்டி கட்டியாக மிதந்தது. கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் வேப்பங்கொழுந்து போலக் கசந்தது. டீ வடிகட்டியில் தூளைச் சலித்து, கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்ன மத்தினால் நுரை வரக் கடைய வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்குள் பல டம்ளர் வீணாயிற்று. வீணானதை நான் தொட்டியில் கொட்டப்போனால் அத்தை வாங்கிக்கொண்டு போய்க் கழுநீரோடு கலந்துவிடுவார். செவலை தலையை எடுக்காமல் குடித்தது.

"அதுக்குப் புடிச்சிருக்குது" என்றார். அந்த விஷயத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

ஓட்ஸ் பால் தீர்ந்த பிறகு, தோப்பை வைத்துக்கொண்டு எதற்குப் பெட்டிப் பால் என்று தேங்காயை எடுத்தேன். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்தும் பார்த்தேன். பச்சை வாடை போகவில்லை. தேங்காயின் முதல் பால் ஐஸ் பட்டதும் மெழுகுத் துணுக்குகளாகத் திரிந்து மிதந்தது. இரண்டாம் பால்தான் சரியாக வந்தது. நாட்டுச்சர்க்கரை போட்டால் பச்சை நிறம் சேறாகிவிடும், அதனால் வெள்ளைச் சர்க்கரையைப் பாகாகக் காய்ச்சி வைத்துக்கொண்டேன். ஆனால் பால் பிழிவதற்கு ஆபீஸில் சாம்பிள் வெட்டியது போக மிஞ்சிய பனியன் துணியைத் துவைத்து எடுத்து வந்திருந்தேன். அது இழுத்த இழுப்புக்கெல்லாம் விரிந்து கொடுத்து, சக்கையும் சேர்ந்து இறங்கியது. வாசற்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். பழைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார். வேட்டித் துணியில் பால் தெளிவாக இறங்கியது.

அந்தச் சித்திரையில் செவலைக்கு மடி வீங்கிவிட்டது. கருப்பு அப்போது சினை, கறவை வற்றியிருந்தது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். மருந்தின் வேகம் தணியும் வரை பாலை யாரும் குடிக்கக் கூடாது, கறந்து குழியில் ஊற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வலியில் மாடு காலை உதறியது. அத்தை அதனிடம் பேசிக்கொண்டே மெல்ல மெல்லக் கறந்து, போசியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் போனார். திரும்பி வரும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

கணவர் பாக்கெட் பால் வாங்கி வந்தார். அத்தை காபி வைத்து ஒரு வாய் குடித்தார்.

"காயறப்ப வாசமே வல்லியே. இதை எப்படிக் குடிக்கறது?" என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்.

மறுநாளும் குடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். காபி இல்லாத தலைவலி. கரண்டும் இல்லை, வெக்கை தாங்கவில்லை. நான் வழக்கம்போலத் தேங்காய்ப்பால் பிழிந்து, தூளைக் கடைந்துகொண்டிருந்தேன். குடியுங்கள் என்று சொல்லத் தயக்கமாக இருந்தது. அவர் காய்ச்சிக் கொடுத்ததை நான் வேண்டாம் என்றவள் அல்லவா.

அவரே கேட்டார். "எனக்குஞ் சித்தெக் குடு. என்னதான்னு பாப்போம்."

சர்க்கரைப்பாகு கொஞ்சம் தூக்கலாக விட்டு, உருகத் தொடங்கியிருந்த ஐஸில் நல்லதாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார். வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"பச்சைச் சோளத்தட்ட மென்னாப்பல இருக்குது. அதான் செவலை அப்படிக் குடிச்சிருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. பாதி குடித்த பிறகு, என்னைப் பார்க்காமல், கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார்.

"பாலு வேண்டாம்னு நீ சொன்னப்ப, என்ற கையே வேண்டாம்னு சொன்னாப்பல ஆயிப்போச்சு கண்ணு."

"ஐயோ, அப்படியில்லீங்க அத்தை."

"தெரியுது. டாக்டரு சொன்னப்பவே தெரியும். ஆனா மனசு கேக்கோணுமல்ல. நான் இந்த ஊட்டுக்கு வந்தப்ப ஒரு வேலையும் உருப்படியாத் தெரியாது. சோறாக்குனாக் கொழஞ்சு போகும். என்ற மாமியா ஏசிட்டே இருப்பாங்க. கறக்க மட்டுந்தான் கை வந்துச்சு. ஆராச்சு வந்தா ஒரு டம்ளர் பாலைக் காச்சிக் குடுப்பேன், குடிச்சுப்போட்டு அவங்க மூஞ்சியே தெளிஞ்சு போகும். அன்னையிலிருந்து ஆருக்கு என்ன செய்யோணும்னாலும் எனக்குப் பாலுதான். உனக்கு அது ஆகாதுன்னதும், அப்புறம் என்னத்தச் செய்யறதுன்னு தெரியாமப் போச்சு."

இவ்வளவு நாளும் என் வயிற்றை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் ஒருவர், கொடுப்பதற்குக் கையில் வேறு எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

"இந்தப் பாலை நீங்க குடுத்த வேட்டித் துணியிலதானுங்க புழிஞ்சேன்" என்றேன்.

"துணி குடுத்தது ஒரு காரியமா?" என்றார். ஆனால் முகம் இளகியது. டம்ளர் காலியான கொஞ்ச நேரத்தில் நெற்றித் துணியை அவிழ்த்துப் போட்டார். தேயிலைதானே, காபியில் இருக்கும் காஃபீன் இதிலும் கொஞ்சம் இருக்கிறது. அத்தையோ அதைத் தேங்காயின் மகிமை என்று நம்பினார். நான் திருத்தவில்லை.

செவலைக்குக் குணமானது. பால் திரும்ப வந்ததும் அத்தை முதல் வேலையாகக் காபி குடித்தார். அந்த ஞாயிறு மாட்சாத் தூளைப் பசும்பாலில் போடச் சொல்லிக் குடித்துப் பார்த்து, "இதுதான் எடுப்பு. உன்றது தண்ணியாட்ட இருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்காகத் தேங்காயை உடைத்துத் துருவுவது அவர் வேலையாகிவிட்டது. நான் பிழிவது அவருக்குப் பிடிக்காது. கையிலிருந்து வாங்கி, துணியை முறுக்கி, ஒரு சொட்டு விடாமல் பிழிவார். கறந்து பழகிய கை. என்னால் அப்படி முடியாது. யாராவது வீட்டுக்கு வந்து அந்தப் பச்சை டம்ளரைப் பார்த்துக் கேட்டால், "எங்கூட்டுப் புள்ளைக்குப் பாலு செரிக்காதுங்க. நாந்தான் தேங்காப்பாலு புழிஞ்சு குடுக்கறேன்" என்கிறார். முன்பு விசேஷத்தில் கேலியாகக் கேட்ட அந்த உறவுக்காரப் பெண்மணிக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

ஐப்பசியில் கருப்பு கன்று போட்டது. அத்தை சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்தார். வீடு முழுக்க வாசனை. வில்லை வில்லையாக வெட்டித் தட்டில் அடுக்கியபோது எனக்கு வாய் ஊறியது. சின்ன வயதில் தின்ற ருசி.

"ஒரே ஒரு துண்டுங்க அத்தை" என்றேன்.

"வேண்டாங் கண்ணு. அப்புறம் பொழுதுக்கும் வயித்தப் புடிச்சுட்டு உக்காந்திருப்பே."

"இத்துனூண்டுதானுங்க."

அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஓரத்தில் நகக்கண் அளவு கிள்ளி என் வாயில் போட்டார். போட்டுவிட்டுத் தட்டைத் தூக்கி, எனக்கு எட்டாத பரண்மேல் வைத்தார்.

"போயி அந்தத் துணியை நனைச்சு வெய்யி" என்றார். "தேங்கா ரெண்டு உடைச்சு வெச்சிருக்கறேன்."