ஒரு பிள்ளைக்குப் பெரட்டு

என் மகளைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து நிறுத்திய அன்று அதன் மாணவர் எண்ணிக்கை பத்தொன்பதிலிருந்து பதினெட்டாக இறங்கியது. மறுநாள் ரொட்டி வாங்கப் போனபோது, கடைக்காரர் முதல் கோயில் தலைவர் வரை எல்லாரும், நான் பள்ளிக்கூடத்துச் சுவரையே இடித்துத் தள்ளிவிட்டது போல் பார்த்தார்கள். சொந்தப் பிள்ளைகளை மம்பாவிலும் பாரோயிலும் உள்ள பெரிய பள்ளிகளுக்கு வேன் வைத்து அனுப்புகிறவர்கள்தான் கூடுதலாக வருந்தினார்கள். தமிழ்ப்பள்ளி நம் உயிர் என்று தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கைகூப்பும் படத்தோடு போட்டார். அவருடைய மூன்று பேரப்பிள்ளைகளும் அந்த உயிரைத் தூரத்திலிருந்தே காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வீடு மலேசியாவில், போர்ட்டிக்சன் போகும் சாலையிலிருந்து உள்ளே பிரியும், எண்ணெய்ப் பழம் விளையும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. கணவர் தோட்டத்துப் பழ லாரி ஓட்டுகிறார். நான் சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் பத்து வருடம் இருந்தவள். கோணலாக வந்த பொருளை எடுத்துச் சிவப்புக் கூடையில் போடுவதுதான் வேலை. பிள்ளைக்குப் பாடம் நடத்த இதைவிடச் சிறந்த தகுதி என்ன இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மகளுக்கு எட்டு வயது. பேசும்போது திக்கும். அதைப் பற்றி அவளோ நாங்களோ பெரிதாகக் கவலைப்பட்டதில்லை, பேச்சுப் போட்டி வரும் வரைக்கும். பத்தொன்பது பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒதுங்கி நிற்கிற வசதி யாருக்கும் கிடையாது. ஓட்டப்பந்தயத்துக்கும் அவர்கள்தான், கோலாட்டத்துக்கும் அவர்கள்தான், அறிவியல் புதிர்ப் போட்டிக்கும் அவர்கள்தான். எதற்காவது ஆள் அனுப்பாமல் விட்டால் பள்ளி செத்துவிட்டது என்று மேலே நினைத்துக்கொள்வார்களாம். அவள் படித்த இரண்டாம் ஆண்டில் மொத்தம் மூன்று பேர். ஒருத்திக்கு அம்மை போட்டிருந்தது, ஒருவன் ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டான். மிச்சம் இருந்தது என் மகள். ஆகவே திக்குகிற பிள்ளையை மாவட்ட அளவில் பேச்சுப் போட்டிக்கு அனுப்பிவைத்தார்கள். நானும் தலையில் மல்லிகை வைத்து, புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். என் பங்குக்கு நானும் குறை வைக்கவில்லை.

நம் பேச்சுப் போட்டிகளில், தலைவர் முதல் நடுவர் வரை எல்லாரையும் அடுக்கி விளிக்கும் அவை வணக்கம் என்று ஒன்று உண்டு. நன்றாகப் பேசுகிறவனுக்கே அதைச் சொல்லி முடிக்க மூச்சு வாங்கும். என் மகள் அதன் முதல் சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். உதடு ஒட்டியது, பிரியவில்லை. நேரம் முடிந்தது என்று மணி அடிக்கும் வரை அப்படியே நின்றாள். மணி அடித்ததும் மண்டபமே கைதட்டியது, ரொம்ப நேரம். மறுநாளிலிருந்து அவள் பள்ளியில் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் பேசுவதை நிறுத்தினாள். அந்த மாதக் கடைசியில் என்னிடமும் தலையாட்டல்தான். ஆசிரியை திட்டவில்லை, பிள்ளைகள் கேலி செய்யவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்து தொலைத்ததில் கோபப்படுவதற்குக்கூட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்குத் தேதி கொடுத்தார்கள், மூன்று மாதம் தள்ளி. அதுவரை அவள் ஊமையாகவே பழகிவிடுவாளோ என்று பயந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் மறுபடியும் என்னிடம் பேச வேண்டும். திக்கிப் பேசட்டும், அரை நாள் எடுத்துப் பேசட்டும்.

அப்படித்தான் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தேன். இந்த நாட்டில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். கேட்ட கடிதங்களை எல்லாம் கேட்ட வரிசையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில் எனக்குக் குருவாக வாய்த்தவர் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தி, அதைக் காணொளியாகப் போடும் ஓர் அம்மா. அவர் வீட்டுச் சுவர் வெள்ளை, அலமாரி மரம், பிள்ளைகள் அழுவதில்லை. இயற்கையை வீட்டுக்குள் கொண்டு வாருங்கள் என்பார். ஒரு பிரம்புக் கூடையில் ஐந்து காய்ந்த இலைகளை வைத்து அதைச் சுற்றி உட்கார்ந்து வியப்பார்கள். எங்கள் வீட்டுக்கு இயற்கை அழைக்காமலே வரும். போன மழைக்குக் குளியலறை வாளிக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது, கணவர் மண்வெட்டியோடு போய்த்தான் வழியனுப்பி வைத்தார். ஆனாலும் நான் கூடை வாங்கினேன்.

அந்த அம்மா சொன்ன ஒரே உருப்படியான விஷயத்தை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. முதல் சில வாரங்கள் ஒன்றுமே செய்யாதீர்கள், பிள்ளையைச் சும்மா விடுங்கள் என்றார். சும்மா விடுவதா? தோட்டத்தில் பிறந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எங்கள் ஆட்களுக்குப் பொழுது விடிவதே பெரட்டில்தான். இருட்டோடு எழுந்து ஓடி வரிசையில் நின்று, வேலை வாங்கும் மண்டோர் பெயர் கூப்பிட்டதும் குரல் கொடுத்த பிறகுதான் அன்றைக்கு வேலை. குரல் கொடுக்காதவன் வராதவன். என் அப்பாவும் அம்மாவும் ஆயுள் முழுக்க நின்ற வரிசை அது. நான் ஒரு நாளும் நின்றதில்லை என்றாலும், ஒழுங்கு என்றால் என் மண்டைக்குள் வருகிற படம் அது ஒன்றுதான்.

ஆக, அனுமதி வந்த மறு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் பள்ளி திறந்தது. மகளுக்குச் சீருடை போட்டேன். மைலோ டின்னில் கரண்டியால் மணி அடித்தேன். வண்ணப் பேனாக்களால் எழுதிய நேர அட்டவணை சுவரில் ஒட்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் நின்று, கோடு போட்ட நோட்டைத் திறந்து, அதில் இருந்த ஒரே பெயரை உரக்கக் கூப்பிட்டேன்.

அவள் எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தாள். உள்ளேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, சொல் வரவில்லை. நான் புன்னகையோடு காத்திருந்தேன். பொறுமையாக இருக்கிறேனாம். இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன். ஒட்டுமொத்தப் பள்ளியும் தலையைக் குனிந்துகொண்டது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் அடுப்படி வாசலில் காலுறையோடு நின்று பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு எதுக்கு லா பெரட்டு?" என்றார். "அதான் நிக்கிறா, தெரியுதுல்ல."

ஒழுங்கு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மாதம் இந்தப் பள்ளியை நடத்தினேன். கணக்கை எழுதிக் காட்டினாள், எல்லாம் சரி. மலாய் எழுதினாள், அதுவும் சரி. காலைப் பெரட்டுக்கு மட்டும் ஒரு நாளும் குரல் வரவில்லை. வாசிப்பு நேரத்தில் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்து, முகத்தில் அன்பை வழியவிட்டுக் காத்திருப்பேன். அவள் விரலால் வரியைத் தடவிக்கொண்டே பக்கத்தைத் திருப்புவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கொடுத்த மைலோவைக் குடித்தார், சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தார், எங்கள் பள்ளியைவிட நன்றாக இருக்கிறதே என்றார். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தார்.

"ஒரு பிள்ளைதானேன்னு நெனைக்காதீங்கம்மா. எங்கள மூடணும்னா மேலிடத்துக்கு அந்த ஒரு பிள்ளை கொறஞ்சாலே போதும்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே, விளையாட்டுப் போட்டிக்கு மட்டுமாவது மகளை அனுப்ப முடியுமா, நான்கு பேர் ஓடும் ஓட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது என்றார். எங்கள் பள்ளிக்கும் அன்றைக்குத்தான் விளையாட்டு விழா என்றேன். அவர் சிரிக்கவில்லை. கிளம்பும்போது என் மகளிடம் குனிந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் புன்னகையோடு நின்றார். பக்கத்தில் நானும் நின்றேன். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரு சின்ன வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க சிரம்பானுக்குப் போக வேண்டியிருந்தது. பள்ளிக்கு விடுமுறை அறிவித்தேன். மகளைக் கணவர் லாரியில் ஏற்றிக்கொண்டார். தோட்டத்து விதிப்படி அது கூடாது. மத்தியானம் திரும்பியதும், வீங்கிய கன்னத்தோடு அவளைக் கூட்டிவரப் பழம் ஏற்றும் இடத்துக்கு நடந்தேன். செம்மண் பாதை வளைவுக்கு இந்தப் பக்கமே ஒரு குரல் கேட்டு நின்றேன். முதலில் யாரோ என்று நினைத்தேன். அந்தக் குரலைக் கேட்டு அவ்வளவு நாளாகியிருந்தது.

அவள் ஒரு வங்காளதேசத்துத் தொழிலாளியோடு மலாயில் பேசிக்கொண்டிருந்தாள். நன்றாகத் திக்கினாள். அந்த ஆளுடைய மலாயும் இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் வந்தது. யாருக்கும் அவசரமில்லை. அவன் நீளமான கம்பில் அரிவாளை மாட்டி, உச்சியில் இருந்த குலையையே பார்த்துக்கொண்டிருந்தான். குலை வெட்டுகிறவன் அண்ணாந்துதான் நிற்க வேண்டும், கண்ணைக் கீழே இறக்கினால் தலைக்கு ஆபத்து. அவள் தள்ளி, லாரிப் படியில் உட்கார்ந்து காலை ஆட்டியபடி அவன் முதுகிடம் என்னவோ கேட்டாள். அவன் மரத்தைப் பார்த்தபடியே பதில் சொன்னான். அவள் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டேன். முன்பும் இரண்டு சனிக்கிழமை லாரியில் வந்தாள், பேசிக்கொண்டுதான் வந்தாள் என்றார், ஏதோ மழை பெய்தது என்கிற மாதிரி. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா அதுக்கும் நீ ஒரு டைம்டேபிள் போடுவ."

வீங்கிய கன்னத்தில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அன்று சாயங்காலம் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கெஞ்சினேன். அப்பாவிடம் பேசுகிறாய், ஊர் பேர் தெரியாத ஆளிடம் பேசுகிறாய், அம்மா உனக்கு என்ன செய்தேன்? வெகு நேரம் பாயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சுவரிடம்தான் சொன்னாள்.

"நீ... நீங்க என் வா... வாயயே பாக்குறீங்க. ஒங்க வா... வாயும் அசையுது."

எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்றேன். அவள் பெயரை மெதுவாகக் கூப்பிட்டு, அவள் பதில் சொல்ல வருவதாக நினைத்துப் பார்த்தேன். என் உதடு தானாகக் குவிந்தது, கழுத்து முன்னால் நீண்டது. சிக்கிக்கொண்ட சொல்லை அவள் வாய்க்குள்ளிருந்து பிடுங்கி எடுக்கப் போகிறவளைப் போல் இருந்தேன். பத்து வருடம் கோணல் தேடிப் பழகிய கண்கள் வேறு. பள்ளியை விட்டு நிறுத்தி, இந்தக் கண்களுக்கு எதிரே நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

மறுநாள் ஏழரைக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவள் பத்து மணி வரை தூங்கினாள். நான் சி ரூசா கடற்கரையிலிருந்து வந்த மீனைத் தொட்டியில் போட்டு, சுவரைப் பார்த்து நின்று செதில் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலி இழுபட்டது. ரொட்டி டின் திறந்தது. ரொட்டி கடிபடும் சத்தம் கேட்டது. பிறகு, தோட்டத்தில் எலி பிடிக்க ஆந்தைக்குக் கூண்டு வைத்திருக்கிறார்களே, அதில் குஞ்சு இருக்கிறது என்று ஆரம்பித்தாள்.

ஒரு குஞ்சின் மூக்கு வளைந்திருந்ததாம். அது பார்க்க அசிங்கமாக இருந்ததாம். குலை வெட்டும் அந்த அண்ணன் ஏணி வைத்து ஏறிப் பார்த்துவிட்டு என்று சொல்லி அடுத்த சொல்லில் சிக்கிக்கொண்டாள். முதல் எழுத்து மட்டும் வந்தது, மறுபடியும் அதே எழுத்து, மறுபடியும். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்தேன், பிடுங்கிய இடம் உயிர் போகிற மாதிரி வலித்தது. செதிலெல்லாம் போய் வழுவழுப்பாகிவிட்ட மீனை இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நான் நினைத்த சொல் வரவில்லை. வேறொரு சொல் வந்தது, அவளுடையது, என்னுடையதைவிட நல்லது. கதை மேலே போனது.

பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"கே... கேக்குறீங்களா?"

"ம்" என்றேன். கண்ணீர் மூக்கு வரை வந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கினால் திரும்பிவிடுவேன் என்று, குழாயைத் திறந்துவிட்டு அந்த மீனை இன்னொரு தடவை கழுவினேன்.