நான் ஜெயித்த வாதம்

சாமி விஷயத்தில் வாதம் பண்ணி ஜெயிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது குமட்டுகிறது. பத்து வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர் நான். டீ பிரேக் வந்தால் போதும், யார் நெற்றியில் திருநீறு, யார் கழுத்தில் சிலுவை, யார் நோன்பு என்று பார்த்து வம்புக்கு இழுப்பேன். கடைசியில், "உங்க நம்பிக்கைய நான் மதிக்கிறம்பா, சும்மா கேள்விதான் கேட்டேன்" என்று ஒரு வரி. மதிப்பாவது மண்ணாங்கட்டியாவது. முதலியார்பேட்டையில் என் வீட்டு வாசலில் புது கார் வந்து நின்றபோது நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்த ஆள் நான். கேட்டால் வீட்டுக்காரிக்காக என்பேன்.

மோல்டிங் மெஷினில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். மாநில எல்லையை ஒட்டிய மீனவ ஊரான கனகசெட்டிக்குளத்துக்காரர், கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எழுதும்போது 'அவர்' என்கிறேன், நேரில் 'நீ', 'வா', 'போ'தான். அவர் மகள் மஞ்சள்காமாலையில் கிடந்து பிழைத்தாள். அதற்காக ஊர் அம்மன் கோயிலில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டியிருந்தார். காப்பு கட்டியவர்கள் தீமிதி முடிகிறவரை ராத்திரி ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. பகலில் வேலைக்கு வரலாம், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

தீமிதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அடுத்த ஷிப்ட் ஆள் வரவில்லை. இவரை இருக்கச் சொன்னேன்.

"இன்னிக்கு மட்டும் வேணாம் சார், காப்பு கட்டிருக்கேன், ராத்திரி எல்லைய தாண்டித் தங்கக் கூடாது. தீமிதி முடிஞ்சதும் நாலு நாளு சேத்துப் பாக்கறேன்."

வேறு ஆள் இருந்தான், போட்டிருக்கலாம். ஆனால் டீ நேரம், சுற்றி எட்டுப் பேர். எனக்கு வாய் அரித்தது.

"எல்லை எல்லைன்றியே, அத யாரு போட்டது? பிரெஞ்சுக்காரன். வெள்ளக்காரன் போட்ட கோட்டுக்கு ஒங்க அம்மன் காவல் ஒக்காந்துருக்காளா?"

ஊர் எல்லை வேறு, மாநில எல்லை வேறு என்பது எனக்கே தெரியும். அதனால் என்ன, சிரிப்பு வந்ததே! எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் சட்டைக் கையை இழுத்துக் கயிற்றை மறைத்துக்கொண்டார். நான் விடுகிற ஜாதியா? கயிற்றுக்குப் பயந்தவன் கடலில் எப்படி வலை போட்டான், இந்தக் காலத்திலும் இப்படியா என்று அடுக்கிக்கொண்டே போனேன். "சரி சார்" என்றார். மறுநாள் காலை வரை மெஷினில் நின்றார். நானோ வீட்டுக்குப் போய், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மமோ.

தீமிதி முடிந்து வேலைக்கு வந்தார். மணிக்கட்டில் கயிறு இல்லை.

"என்னாப்பா, மிதிச்சியா?"

"இல்ல சார். ராத்திரி எங்க இருந்தன்னு கோயில்ல கேட்டாங்க. சாமி முன்னாடி பொய் சொல்ல முடில. காப்ப அவுத்துட்டாங்க." மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பாப்பா கூட வந்து நின்னுச்சு. எனக்காக எறங்கலியாப்பான்னு கேட்டுச்சு."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை, நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அப்போதும் என் புத்தி போன போக்கைப் பாருங்கள், தப்பை அவர் தலையில் கட்டப் பார்த்தேன்.

"நீ ஏன்யா ஒரு வார்த்த எதுத்துப் பேசல? முடியாதுன்னா நான் விட்டிருப்பேன்ல. நான் வாதந்தானே பண்ணேன்?"

அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"வாதமா சார் அது? நீங்க டூட்டி போட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."