சின்ன டப்பா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பெயிண்ட் கம்பெனி ஒன்றில் நான் ஸ்டோர் கீப்பர். எந்த டிரம் எப்போது வந்தது, எப்போது கெட்டுப்போகும் என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பிழைப்பு. காலாவதியான சரக்கை மேனேஜரே கெஞ்சினாலும் வெளியே விடமாட்டேன். அப்பேர்ப்பட்ட நான் என் வீட்டு ஃபிரிட்ஜிலேயே ஒரு தூக்கு கிரீமைப் பூசணம் பிடிக்க விட்டேன்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த சமயம். தோல் வறண்டு உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து முழங்கையெல்லாம் ரத்தக் கோடு. கடையில் வாங்கிய லோஷன் எரிந்தது. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வீட்டிலேயே கிரீம் செய்ய ஆரம்பித்தாள். தேங்காய் எண்ணெயோடு தேன்மெழுகை உருக்கி, கற்றாழைச் சோறு சேர்த்து, ஆறியபின் வைட்டமின் ஈ மாத்திரையை ஊசியால் குத்திப் பிழிந்துவிட வேண்டும். அவளுக்குக் கை ஓய்ந்தபோது, கிண்டும் வேலை என்னிடம் வந்தது.

"கொஞ்சமா பண்ணுங்க," என்றாள். "கத்தாழ தண்ணிப் பண்டம், ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. வெளிச்சம், சூடு பட்டா வைட்டமினும் போய்டும்."

அந்தக் 'கொஞ்சமா' எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கம்பெனியில் ஒரு ரகத்தை நிறுத்தப் போகிறார்கள் என்பது முதலில் ஸ்டோருக்குத்தான் தெரியும். டிரம் டிரம்மாக வந்துகொண்டிருந்த மூலப்பொருள் டப்பாவில் வரும். 'கொஞ்சமாப் போதும்' என்று மேலிருந்து சொல்வார்கள். அதோடு அந்த ரகத்தின் கதை முடிந்தது.

ஆகவே பெரிய எவர்சில்வர் தூக்கு நிறையக் கிண்டினேன். வெளிச்சம் படாமலிருக்க அலுமினியத் தாள் சுற்றி, அதற்கு மேல் துண்டும் சுற்றினேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே பல்பு எரிகிறதே என்று அதையும் கழற்றினேன். கரண்ட் போனால் ஐஸ்கட்டிக்குக் கடை கடையாக ஓடினேன். இத்தனைக்கும் பிறகு சிக்கு வாடை வந்தது. மேலே பச்சைப் புள்ளிகள்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஸ்டோர் கீப்பராம் ஸ்டோர் கீப்பரு! நான் இன்னா, நூறு வருசத்துக்கா பூசிக்கப் போறேன்?"

கொட்டிவிட்டு மறுபடியும் தூக்கு நிறையவே கிண்டினேன். அதுவும் கெட்டது. அப்போதுதான் கம்பெனி விஷயத்தை உளறினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய், கைக்குள் அடங்கும் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தாள்.

"இதுல பண்ணுங்க. தீந்துச்சின்னா அடுத்த வாரம் புதுசா பண்ணணும் இல்ல? அப்ப நான் அடுத்த வாரமும் இருக்கணும் இல்ல? லூசு மாதிரி பயந்துக்கினு கீறீங்க."

அதன்பின் ஞாயிறுதோறும் அந்த டப்பா அளவுக்குத்தான் கிண்டினேன். முதுகில் நான் பூசுவேன். "பெயிண்ட் அடிக்கிற மாதிரி தேய்க்காதீங்க," என்பாள். சனிக்கிழமை டப்பாவை விரலால் வழித்துக் காட்டுவாள். எனக்கு அந்த வாரத்துச் சம்பளம் அதுதான்.

ஒரு வாரம் அவள் வழித்துக் காட்டவில்லை. பாதி வாரத்திலேயே போய்விட்டாள்.

எல்லாம் முடிந்த மறுநாள், ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அவள் தங்கை டப்பாவை நீட்டினாள். "மாமா, இது இன்னா, தயிரா?"

திறந்து பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. மோந்து பார்த்தேன். வாடை இல்லை. நல்ல சரக்கு, இன்னும் சில நாள் தாங்கும். ஓரத்தில் அவள் விரல் எடுத்த பள்ளம் அப்படியே இருந்தது.

"ஆமாம்மா, தயிருதான். உள்ள வையி," என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது, மத்தியானம் மோர் கரைத்துவிட்டால்? ஃபிரிட்ஜ் கதவை ஒட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் அன்று முழுக்கச் சமையலறைக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.