கிண்ணத்தில் வைத்த பால்

ஒரு பீங்கான் கிண்ணம், அதன்மேல் ஈரத்துணி, சூடேறாமலிருக்க அடியில் ஒரு சட்டித் தண்ணீர். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது என் சாப்பாடு இப்படித்தான் காத்திருக்குமாம். உம்மா மருத்துவச்சி. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் எவளுக்கு இடுப்புவலி கண்டாலும் எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் வரும். பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஊரார் பிள்ளைகளை எல்லாம் கையில் ஏந்தியவருக்குப் பெற்ற பிள்ளையை மடியில் போட நேரமில்லை, என்னத்தைச் சொல்ல!

அந்தப் பாலை எனக்குப் புகட்டியது மாமி, வாப்பாவின் அக்கா. அப்போது எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். என்னைவிடச் சில மாதம் மூத்த மகன் மாமிக்கு இருந்தான். காய்ச்சலில் மாமிக்குப் பால் வற்றிப்போக, அவனுக்குக் கஞ்சித் தண்ணீர்தான் என்று வீட்டில் பேச்சு. பசாரில் மீன்காரனையே வாயடைக்க வைக்கிற மாமி, ஒரு விஷயத்தில் மட்டும் வருஷக்கணக்கில் வாய் திறக்கவில்லை.

நான் அந்த மகனுக்குத்தான் என்று வாப்பா தொட்டிலிலேயே பேசி முடித்திருந்தார். எனக்கும் கொள்ளை ஆசை. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன வெட்கம்? நிக்காஹுக்கு நாள் குறிக்க உட்கார்ந்த அன்று மாமி வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். உம்மா வைத்துவிட்டுப் போன பாலில் நாள்தோறும் பாதியைத் தன் மகனுக்குக் கொடுத்ததாகச் சொன்னார். எங்கள் மார்க்கத்தில் ஒரு தாயின் பால் குடித்து வளர்ந்தவர்கள் உடன்பிறப்புகள், நிக்காஹ் ஆகாது. மார்பில் குடித்தால்தான் அந்த உறவு என்று மாமி நினைத்திருந்தார். கிண்ணத்தில் குடித்தாலும் அப்படித்தான் என்று அந்த வாரம்தான் பெண்களுக்கான பயானில், மார்க்கச் சொற்பொழிவில், கேட்டிருக்கிறார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று உம்மா கேட்டார்.

"சொல்லியிருந்தா நீ கிண்ணத்த வேற வீட்டுல குடுத்துட்டுப் போயிருப்பே. என் புள்ள எதக் குடிச்சிப் பொழைக்கும்?"

வாப்பா போய் மார்க்கம் கற்ற ஆலிமைக் கேட்டார். அவரும் பால்குடி உறவுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமியை மனதார ஏசினேன். இப்போதும் மறைத்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நான் மருமகளாக வர வேண்டுமென்று என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவர் அவர்தான். அந்த ஆசையைத் தன் வாயாலேயே முறித்துப்போட அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது, நானும் பிள்ளை பெற்ற பிறகுதான் புரிந்தது.

அன்று அந்தியில் மாமியை அழைத்துப்போக அவர் மகன் வந்தார். பெரியவளான நாள் முதல் அவர் குரல் கேட்டாலே உள்ளே போய்விடுவேன். அன்றும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தேன். மாமி கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போகாதம்மா. இனி இவன் முன்னாடி முக்காடு வேணாம்."

ஆசைப்பட்ட காலமெல்லாம் பார்க்கக் கூடாதென்றிருந்த முகத்தை, இனி வேண்டுமட்டும் பார்க்கலாம் என்றாகிவிட்டது. நான் தலை நிமிரவே இல்லை.